மூணாவது குரூப்பும் முருகேசன் வரவும்

தமிழ்நாட்டுல பத்தாங்கிளாஸ் ரிசல்ட் வந்த அன்னிக்கு மார்க்கை விட முக்கியமான கேள்வி ஒண்ணு இருக்கு. "எந்த குரூப் எடுக்கப் போறே?" ஃபர்ஸ்ட் குரூப்னு சொன்னா கேட்டவர் முகத்துல ஒரு பிரகாசம். பயாலஜின்னா "ஓ.. டாக்டரா?"ன்னு ஒரு மரியாதை. காமர்ஸ்னு சொன்னா மட்டும் ரெண்டு செகண்ட் மௌனம். அப்புறம் ரொம்ப அக்கறையா, "ஏம்மா, கணக்குல மார்க் கம்மியா?"ன்னு ஒரு விசாரிப்பு. கணக்குப்பதிவியல் படிக்கப் போற பொண்ணுகிட்ட கணக்கு வராதான்னு கேக்குற ஊர் நம்ம ஊராத்தான் இருக்கும்.

நான் இன்ஜினியரிங் படிச்சு, பில்லிங் மென்பொருள் எழுதிப் பொழைக்கிற ஜாதி. அதனால இந்த மூணாவது குரூப் ஆளுங்க கூடத்தான் தினமும் மல்லுக்கட்டு. அவங்க ஒரு வரியில சொல்றதைப் புரிஞ்சுக்க எனக்கு ஒரு வாரம் ஆகும். இதைப் பத்தி எழுதணும்னு ரொம்ப நாளா நினைச்சிட்டிருந்தேன். எங்க சித்தப்பா வீட்டுல நடந்த ஒரு பஞ்சாயத்து அதுக்கு நேரம் குறிச்சுக் குடுத்துடுச்சு.

சித்தப்பாவுக்கு ஊர் திருத்தணி. விசைத்தறித் துணி வியாபாரம். நூலைக் கடனுக்கு வாங்கி, பள்ளிப்பட்டு, பொதட்டூர்பேட்டைப் பக்கம் தறிக்குக் குடுத்து, துணியா வாங்கி விக்கிறவர். பெரிய முதலாளி எல்லாம் இல்லை. ஒரு கல்லா, ரெண்டு பீரோ, முருகன் படம், அவ்வளவுதான். அவர் பொண்ணு, என் தங்கச்சி, ப்ளஸ் டூ காமர்ஸ்ல நல்ல மார்க். சித்தப்பாவுக்கு ஒரே கனவு, சென்னையில ஏதாவது பெரிய தனியார் கல்லூரியில பி.பி.ஏ. ஹாஸ்டல், ஏ.சி. கிளாஸ், கோட்டு போட்ட போட்டோ எல்லாம் சேர்த்து மூணு வருஷத்துக்கு ஆறு லட்சம் ஆகும்னு எங்கேயோ விசாரிச்சு வச்சிருந்தார். அவளுக்கோ உள்ளூர்ல இருக்கிற அருள்மிகு ஸ்ரீ சுப்பிரமணிய சுவாமி அரசு கலைக் கல்லூரியில பி.காம், கூடவே சி.ஏ. ஃபவுண்டேஷன். "கவர்மெண்ட் காலேஜ்ல சேத்தா நாலு பேர் என்னா சொல்வாங்க?"ன்னு சித்தப்பா. "நீ வந்து ரெண்டு வார்த்தை சொல்லுடா"ன்னு எனக்கு போன்.

அந்தப் பஞ்சாயத்து என்ன ஆச்சுன்னு சொல்றதுக்கு முன்னாடி, இந்தப் படிப்புல அப்படி என்னதான் இருக்குன்னு கொஞ்சம் பார்த்துடலாம். நம்மில் பலபேர் இன்ஜினியரிங் கோஷ்டி. டெபிட், கிரெடிட்னா ஏ.டி.எம். கார்டுதான் ஞாபகம் வரும்.

தமிழ்ல அதுக்கு பற்று, வரவு. இங்கேதான் முதல் குழப்பம். வீட்டு நோட்டுல 'வரவு'ன்னா காசு வந்தது. கணக்குப்பதிவியல் வாத்தியாரோ, ரொக்கம் உள்ளே வந்தா ரொக்கக் கணக்குல பற்று வைக்கணும்ம்பார். வந்ததைப் போய் எதுக்குய்யா பற்றுங்கறே? எனக்கும் இது ரொம்ப நாள் மண்டையில ஏறலை. தங்கச்சிதான் சித்தப்பாவோட பழைய நோட்டைக் காட்டி விளக்கினா. அதுல 'முருகேசன் வரவு 500'ன்னு இருக்கும். முருகேசன்கிட்ட இருந்து ஐந்நூறு வந்துச்சு, அதனால அவர் பேருல வரவு. 'முருகேசன் பற்று 500'ன்னா அவர் ஐந்நூறுக்கு சரக்கு எடுத்துட்டுப் போயிருக்கார். எழுதுறது நம்ம நோட்டுலதான். ஆனா வார்த்தை எதிராளியைப் பத்தினது. குடுத்தவன் பேருல வரவு, வாங்கினவன் பேருல பற்று. இதையே முருகேசனுக்குப் பதிலா ரொக்கம், தறி, நூல்னு எல்லாத்துக்கும் நீட்டிப் பாருங்க. ஐந்நூறு ரூபாயைக் கல்லா 'வாங்கிக்குது', முருகேசன் 'குடுக்கிறார்'. கல்லாவுக்குப் பற்று, முருகேசனுக்கு வரவு. ஒரே ஐந்நூறு, ரெண்டு இடத்துல பதிவு. இரட்டைப் பதிவு முறைங்கறது இவ்வளவுதான்.

பேங்க் பாஸ்புக்ல நாம பணம் கட்டினா 'வரவு'ன்னு வருதே, அது ஏன் தெரியுமா? அது நம்ம கணக்கு இல்லைங்க, பேங்கோட பேரேட்டுல நமக்குன்னு ஒதுக்கின பக்கம். நாம அவங்களுக்குக் குடுத்திருக்கோம், அவங்க நமக்குத் தரணும், அதனால நம்ம பேருல வரவு. நம்ம வீட்டு நோட்டுல அதே பணத்தை எழுதினா பேங்க் கணக்குக்குப் பற்று. இத்தனை வருஷமா பாஸ்புக்கை என்ட்ரி போட்டுப் பார்த்திருக்கேன், இந்த விஷயத்தை எந்தக் கவுன்ட்டர்லயும் யாரும் சொன்னதில்லை.

இந்த முறையை அச்சுல முதல்ல விளக்கினவர்னு லூக்கா பசியோலியைச் சொல்வாங்க. இத்தாலியத் துறவி, கணித ஆசிரியர். 1494-ல வெனிஸ்ல வெளிவந்த அவரோட கணிதப் புத்தகத்துல ஒரு பகுதி இதுக்குன்னே இருக்கு. அவர் கண்டுபிடிக்கலை, வெனிஸ் வியாபாரிங்க ஏற்கனவே செஞ்சிட்டிருந்ததை ஒழுங்கா எழுதி வச்சார். நம்ம பக்கம் நகரத்தார் பர்மா, மலேயா, சிலோன்னு கடை வச்சு நடத்தின காலத்துல பேரேடும் ஐந்தொகையுமா எழுதித்தான் கடல் தாண்டின வியாபாரத்தைக் கட்டி மேய்ச்சாங்க. போன் கிடையாது, மெயில் கிடையாது. நோட்டு சரியா இருந்தாத்தான் ஏஜெண்ட் மேல நம்பிக்கை.

பாடமாப் படிக்கிறதுலயும் சென்னைக்குப் பழைய உறவு உண்டு. இந்தியாவுல வணிகக் கல்விக்குத் தொடக்கம்னு 1886-ல பச்சையப்பன் அறக்கட்டளை சென்னையில ஆரம்பிச்ச வணிகப் பள்ளியைத்தான் சொல்றாங்க. பம்பாயில சிடன்ஹாம் கல்லூரி வந்தது 1913-ல. "பொம்பளப் பிள்ளைக்கு எதுக்கு சி.ஏ.?"ன்னு கேக்குறவங்களுக்கு ஆர்.சிவபோகம்னு ஒரு பேரு சொல்லி வைக்கிறேன். சென்னைக்காரர். சுதந்திரப் போராட்டத்துல வேலூர் ஜெயிலுக்குப் போனவர். வெளிய வந்து, 1933-ல அந்தக் காலத்து அரசு கணக்கியல் டிப்ளமா முடிச்சு நாட்டோட முதல் பெண் கணக்காயர் ஆனார். இன்னிக்கு இருக்கிற சார்ட்டர்ட் அக்கவுண்டண்ட்ஸ் இன்ஸ்டிடியூட் பொறந்ததே 1949-லதான். அதோட தென்னிந்திய மண்டலக் குழுவுக்கு 1955-லேர்ந்து 1958 வரை அவர் தலைவர்.

சரி, திருத்தணிக்கு வருவோம். இந்தப் படிப்பு பாடப் புத்தகத்தை விட்டு இறங்கி ரோட்டுல நடக்கிறதைப் பார்க்கணும்னா எல்லையோர ஊருக்குத்தான் போகணும்.

திருத்தணி முன்னாடி சித்தூர் மாவட்டம். ம.பொ.சி. முன்னே நின்ன வடக்கெல்லைப் போராட்டம், பேச்சுவார்த்தை எல்லாம் முடிஞ்சு, 1960 ஏப்ரல் 1-ல சென்னை மாநிலத்தோட சேர்ந்துச்சு. நகரி, புத்தூர் எல்லாம் அந்தப் பக்கமே நின்னுடுச்சு. ஆனா வியாபாரத்துக்கு எல்லை தெரியுமா? கடையில பாதி பேர் தெலுங்குல பேரம் பேசுவாங்க, பாதி பேர் தமிழ்ல. சித்தப்பா ரெண்டுலயும் கடன் கேப்பார் :-)

இப்ப கணக்கைப் பாருங்க. சித்தப்பா அரக்கோணத்துக் கடைக்கு 10,000 ரூபாய்க்குத் துணி அனுப்புறார். 5 சதவீதம் ஜி.எஸ்.டி. மத்திய வரி 250, மாநில வரி 250. அதே துணியை நகரிக் கடைக்கு அனுப்பினா ஒருங்கிணைந்த வரி, ஐ.ஜி.எஸ்.டி., மொத்தமா 500. "ரெண்டும் ஐந்நூறுதானே, எதுல கட்டினா என்ன?"ன்னு நானும் கேட்டேன். அதுதாங்க இல்லை. தப்பான தலைப்புல கட்டிட்டா சரியான தலைப்புல திரும்பவும் முழுசாக் கட்டணும். அதுக்கு வட்டி கிடையாது, முன்னாடி கட்டினதைத் திருப்பிக் கேட்டு விண்ணப்பமும் போடலாம். ஆனா அது வர்ற வரைக்கும் பணம் முடங்கிக் கிடக்கும். சின்ன வியாபாரிக்கு அந்தப் பணம்தான் அடுத்த வார நூல்.

இன்னும் இருக்கு. ஒன்றரைக் கோடி விற்பனை வரைக்கும் சின்ன வியாபாரிகளுக்குன்னு காம்போசிஷன்னு ஒரு எளிய வழி இருக்கு. ஆனா அதுல இருக்கிறவர் வெளி மாநிலத்துக்குப் பொருள் விக்கக் கூடாது. திருநெல்வேலிக் கடைக்காரருக்கு இது ஒரு பிரச்சனையே இல்லை. திருத்தணிக் கடைக்காரருக்கு, பஸ்ல ஏறினா கொஞ்ச நேரத்துல வந்துடுற நகரி 'வெளி மாநிலம்'. அதே மாதிரி, பொருள் மட்டும் விக்கிறவருக்கு 40 லட்சம் வரைக்கும் பதிவு தேவையில்லைன்னு சலுகை உண்டு. கைவினைப் பொருள் மாதிரி சில விலக்குகள் தவிர, மாநிலம் தாண்டி வரி உள்ள பொருளை விக்கிறவருக்கு அந்தச் சலுகை கிடையாது. தமிழ்நாட்டுக்குள்ள ஒரு லட்சத்துக்கு மேல போனாத்தான் இ-வே பில். எல்லை தாண்டினா 50,000 தாண்டினாலே வேணும். 1960-ல போட்ட கோடு, 2017 ஜூலை 1-லேர்ந்து ஒவ்வொரு பில்லுலயும் ஜி.எஸ்.டி. எண்ணோட முதல் ரெண்டு இலக்கமா வந்து உக்காந்திருக்கு. இங்கே 33, அங்கே 37.

"இதெல்லாம்தான் சாஃப்ட்வேர் பாத்துக்குமே"ன்னு சொல்றவங்களுக்கு, அந்த சாஃப்ட்வேர் எழுதுறவன்ங்கற முறையில ஒரு தகவல். சாஃப்ட்வேர் கூட்டிப் பெருக்கும். சரக்கு எங்கே போய்ச் சேருதுன்னு அதுக்கு எப்படித் தெரியும்? 'சப்ளை நடக்கும் இடம்'னு ஒரு கட்டம் வச்சிருப்போம், அதை நிரப்புறது ஆள். டேலியோட கதையே இதுக்கு நல்ல உதாரணம். ஷியாம் சுந்தர் கோயங்கா ஆலைகளுக்கு உதிரி பாகம் சப்ளை செஞ்சிட்டிருந்த வியாபாரி. தனக்குத் தோதான கணக்கு மென்பொருள் கிடைக்கலைன்னு கணிதம் படிச்ச மகன் பரத் கோயங்காவை எழுதச் சொன்னார். 1986-ல ஆரம்பிச்ச அந்தக் கம்பெனி இன்னிக்கு நம்ம ஊர் ஜெராக்ஸ் கடை வரைக்கும் வந்துடுச்சு. கோட் எழுதினது மகன், எதை எழுதணும்னு சொன்னது வியாபாரம் தெரிஞ்ச அப்பா. டேலி வந்ததால கணக்குப்பிள்ளைங்க காணாமப் போகலை. டேலி தெரிஞ்ச கணக்குப்பிள்ளை வேணும்னு போர்டு மாட்டினாங்க. இப்ப ஏ.ஐ. வந்து என்னெல்லாம் செய்யப் போகுதோ, கூட்டல் கழித்தல் வேலை கண்டிப்பாக் குறையும். ஆனா கையெழுத்துப் போட்டுப் பொறுப்பு ஏத்துக்க ஒரு மனுஷன் வேணும்.

நம்ம ஐ.டி. மக்களுக்கு இன்னும் கிட்டத்துல ஒரு உதாரணம். 2009 ஜனவரி 7, சத்யம். ராமலிங்க ராஜு எழுதின கடிதத்துல, கம்பெனி கணக்குல காட்டின ரொக்கம், பேங்க் இருப்புல 5,040 கோடி ரூபாய் இல்லவே இல்லைன்னு ஒத்துக்கிட்டார். அங்கே சுமார் 50,000 பேர் வேலை பார்த்துட்டிருந்தாங்க. அவங்க எழுதின கோட் அன்னிக்குக் காலையிலயும் ஒழுங்காத்தான் ஓடுச்சு. தப்பு இருந்தது இருப்புநிலைக் குறிப்புல. இருக்குன்னு சொன்ன பணம் பேங்க்ல நிஜமாவே இருக்கான்னு பாக்குறது தணிக்கையில பாலபாடம். அந்த ஒரு பாலபாடத்தை நம்பித்தான் அத்தனை குடும்பத்தோட வீட்டுக் கடன் தவணையும் நின்னுட்டிருந்துச்சு.

இப்ப பஞ்சாயத்துக்கு வர்றேன்.

நான் போனப்ப சித்தப்பா பேங்க் பாஸ்புக்கை விரிச்சு வச்சிருந்தார். ஒன்பது லட்சம் இருப்பு. "பாருடா, ஒன்பது இருக்கு. ஆறு கட்டினாலும் மூணு மிச்சம். எம் பொண்ணுக்கு நான் செய்ய மாட்டேனா?" சொல்லும்போதே கண்ணுல தண்ணி வந்துடுச்சு. அவர் எட்டாங்கிளாஸோட நின்னவர். பொண்ணு கோட்டு போட்டு நிக்கிற போட்டோ அவருக்கு எவ்வளவு பெரிசுன்னு எனக்குத் தெரியும். எனக்கு வாயே வரலை.

தங்கச்சி ஒண்ணும் எதிர்த்துப் பேசலை. ஒரு தாளை எடுத்தா. "நைனா, நூல் கடைக்கு எவ்ளோ தரணும்?"

"ஆறு."

"இந்த மாச ஜி.எஸ்.டி.?"

"நாப்பதாயிரம் வரும்."

"தறிக்காரங்க கூலி?"

"ஒரு அறுபது."

கழிச்சா மிச்சம் ரெண்டு லட்சம். "பேங்க்ல ஒன்பது இருக்கு நைனா, ஆனா நம்முது ரெண்டுதான். நீங்க எனக்குக் கட்டப் போறது நூல் கடைக்காரர் பணம்."

சித்தப்பா விடலை. "நகரியில இருந்து எனக்கு நாலு லட்சம் வரணுமே?"

"எப்ப வரும்?"

அவர் பதில் சொல்லலை. பீரோவுல இருக்கிற சரக்கைக் கை காட்டினார். அவ, "அது வித்தாத்தான் பணம்"னா. சித்தி உள்ளேர்ந்து, "ஆடிக் கிருத்திகைக்கு வித்துடும்டி"ன்னாங்க. காவடியோட லட்சக்கணக்குல சனம் வர்ற திருவிழா, கல்லா நிரம்பும், வாஸ்தவம்தான். ஆனா அந்த நாலு நாள் கல்லாவுல நூல் விலை, கூலி, தற்காலிகக் கடை வாடகை எல்லாம் கலந்துதானே கிடக்கும்? எல்லாத்தையும் கழிச்சு மீதி நிக்கிறதுதான் லாபம். ரொக்கம் வேற, லாபம் வேறங்கறதை நான் எம்.பி.ஏ. படிச்ச மேனேஜர்கள் வாயால பலமுறை கேட்டிருக்கேன். பதினேழு வயசுப் பொண்ணு, அப்பா மனசு நோகாம, ஒரு பென்சிலை வச்சு சொன்னதை அன்னிக்குத்தான் பார்த்தேன்.

கடைசியா ஒண்ணு சொன்னா. "கல்லாவுல இருந்து வீட்டுக்கு எடுக்கறதை எழுதுறதே இல்லை நைனா நீங்க. அதுக்கு எடுப்புகள்னு தனிக் கணக்கு போடணும். கடை வேற, நாம வேற." முப்பது வருஷமா கடையும் வீடும் ஒரே பெட்டியில இருந்த குடும்பம் அது. வியாபாரத்தையும் முதலாளியையும் ரெண்டு தனி ஆளாப் பார்க்கணும்ங்கறது ப்ளஸ் ஒன்ல முதல் சில பாடத்துக்குள்ளயே வந்துடுது. நம்ம ஊர்ல எத்தனையோ கடைங்க நொடிச்சுப் போறது அந்த ஒரு பாடம் தெரியாமத்தான்.

பி.பி.ஏ. மட்டம், பி.காம் ஒசத்தின்னு நான் சொல்ல வரலை. சென்னைப் பல்கலைக்கழகத்துக் கல்லூரிகள்ல பி.காம்லயே பொது, அக்கவுண்டிங் அண்ட் ஃபைனான்ஸ், கார்ப்பரேட் செக்ரட்டரிஷிப்னு வகை வகையா இருக்கு. நிர்வாகம் படிக்கிறதும் தேவையான படிப்புதான். ஆளை வேலை வாங்குறது, சரக்கு எவ்வளவு வாங்கி வைக்கிறது, எவனுக்குக் கடன் குடுக்கலாம்னு முடிவெடுக்கிறது எல்லாம் அதுல வரும். என்ன, கணக்கு தெரிஞ்சுகிட்டு நிர்வாகம் படிச்சா கால் தரையில இருக்கும். தங்கச்சி முதல்ல கணக்கை எடுத்திருக்கா, அவ்வளவுதான்.

சி.ஏ. பத்தியும் பொய் நம்பிக்கை குடுக்கக் கூடாது. ஃபவுண்டேஷன், இன்டர், ஃபைனல்னு மூணு படி. நடுவுல ஆர்ட்டிகிள்ஷிப், புது முறையில ரெண்டு வருஷம். எல்லாத்தையும் முதல் தடவையே தாண்டுறவங்க கொஞ்சம் பேர்தான். திருத்தணி மலைக்கு 365 படி, வருஷத்து நாளுக்கு ஒண்ணா. அதுல ஏறினா மேலே போய்ச் சேர்றது நிச்சயம், இதுல அந்த உத்தரவாதம் கிடையாது. ஆர்ட்டிகிள்ஷிப் சென்னையில கிடைச்சா சுமார் 80 கிலோமீட்டர், மின்சார ரயில்ல தினம் போக வர நாலஞ்சு மணி நேரம் போயிடும். அப்படியே சி.ஏ. நடுவுல நின்னாலும் பி.காம் கையில இருக்கும், அரசுக் கல்லூரியில செலவு சில ஆயிரத்தோட போயிடும், கடன் இருக்காது. அவ இதையும் கணக்குப் போட்டுத்தான் வச்சிருந்தா.

'நாலு பேர் என்னா சொல்வாங்க'வுக்கு மட்டும் என்கிட்ட ஒரு பதில் இருந்துச்சு. திருத்தணியில 1888 செப்டம்பர் 5-ல பொறந்த ராதாகிருஷ்ணன் காலேஜ்ல தத்துவம் எடுத்ததுக்குக் காரணமா ஒரு விஷயம் சொல்வாங்க. அதே கல்லூரியில படிச்சு முடிச்ச சொந்தக்காரப் பையன் ஒருத்தன் தன்னோட தத்துவப் புத்தகங்களை அவருக்குச் சும்மா குடுத்தானாம், செலவு மிச்சம். அப்படிப் படிச்சவர்தான் 1962-ல குடியரசுத் தலைவர் ஆனார். "உங்க ஊர்ப் பெரியவரே செலவு பாத்துத்தான் சப்ஜெக்ட் எடுத்திருக்கார் சித்தப்பா"ன்னேன். அவர் சிரிச்சுட்டார். சிரிச்சா பாதி சம்மதம்னு அர்த்தம்.

அட்மிஷன் முடிஞ்சிடுச்சு. சித்தப்பாவுக்குக் கோட்டு போட்டோ வருத்தம் இன்னும் தீரலை. பட்டமளிப்பு விழாவுல கறுப்பு அங்கி போடுவாங்கன்னு சொல்லி வச்சிருக்கோம். கடையில இப்ப புதுசா ஒரு நீள நோட்டு. முதல் பக்கத்துல பிள்ளையார் சுழி, அதுக்குக் கீழே 'எடுப்புகள்'னு அவ கையெழுத்து. முதல் வரி: நைனா, டீ, பத்து ரூபாய்.

சித்தப்பா புலம்பினார், "டீ குடிச்சாக்கூட எழுதுறாடா". எழுதட்டும் சித்தப்பா.